மசோதாவைத் தூக்கிக்கொண்டு மாரியூர் போனோம்

சட்டமன்றத் தெரிவுக் குழுவில் பிரிவு அலுவலர் உத்தியோகம் என்பது, யாரோ பெற்ற மசோதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பார்க்கிறவர்களிடம் எல்லாம் "பிள்ளைக்கு மூக்கு சரியா இருக்கா, காது சரியா இருக்கா" என்று கேட்டுவிட்டு, கடைசியில் பெற்ற வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிற வேலை.

குடியிருப்போர் சங்கத்திலோ பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்திலோ அரைநாள் உட்கார்ந்து, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்ததைத் தவிர வேறு ஒன்றும் நடக்காமல் எழுந்து வந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் சொந்தக்காரர். உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வேன்.

விஷயம் இதுதான். ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வந்து, உறுப்பினர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால், அதை ஒரு சின்னக் குழுவிடம் தள்ளிவிடுவார்கள். குழு அதைப் பிரிவு பிரிவாகப் படிக்கும், ஊருக்குப் போய் ஜனங்களைக் கேட்கும், திருத்தும், அறிக்கை எழுதும். அறிக்கையோடு மசோதா அவைக்குத் திரும்பிய பிறகுதான் ஓட்டெடுப்பு. என் தலையில் வந்து விடிந்தது கடலோரத் தொழிலாளர் நல மசோதா. கடலில் அடிபட்டால் வைத்தியம், முடமானால் உதவி, கையில் ஓர் அடையாள அட்டை. நல்ல மசோதாதான். ஆனால் அதன் இரண்டாம் பிரிவில், கடல் தொழிலாளி என்றால் "படகில் சென்று மீன் பிடிப்பவர்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி எங்களைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

நிருபர் வரிசை

முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் ராமநாதபுரத்தில். துணை வட்டாட்சியர் மண்டபத்தில் நாற்காலிகளை அழகாகப் பிரித்துப் போட்டிருந்தார். படகு உரிமையாளர்களுக்கு ஒரு பக்கம், படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பக்கம், மீன் வியாபாரிகளுக்குப் பின்னால். அங்கே மாரியூரிலிருந்து அந்தோணியம்மாள் ஏழெட்டுப் பெண்களோடு வந்து நின்றார். இவர்கள் படகில் போவதில்லை, மீனும் பிடிப்பதில்லை. நீந்திப் போய், மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் முளைத்திருக்கும் கடற்பாசியைப் பிய்த்துக்கொண்டு வந்து விற்கிறவர்கள். அந்தோணியம்மாளின் வலது காலில் இரண்டு விரல் இல்லை. பாறை கிழித்துப் புண் புரையோடி, எடுக்க வேண்டியதாகிவிட்டது. உதவி கேட்டுப் போன அலுவலகத்தில் "படகு யாருது, வலை யாருது, என்ன மீன் பிடிச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்பதால் நீ கடல் தொழிலாளியே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வரப்போகிற சட்டத்திலும் அதே வரி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, "பாசி எடுக்கிறவர்களையும்" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லிப் பஸ் ஏறி வந்திருந்தார்.

துணை வட்டாட்சியருக்கு இவர்களை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று புரியவில்லை. காலியாக இருந்தது பத்திரிகை நிருபர்களின் வரிசை மட்டும். அங்கே உட்கார வைத்துவிட்டார். எங்கள் குழுத் தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து வக்கீல். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற மனிதர். பத்திரிகை என்றால் மட்டும் கொஞ்சம் பயம். இத்தனை பெண் நிருபர்களா என்று அசந்துபோய், அன்று முழுவதும் அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்தே பேசினார். டீயும் பிஸ்கட்டும் முதலில் அங்கேதான் போயின. ஆனால் பேசக் கூப்பிடவில்லை, நிருபர்கள் குழுமுன் கருத்துச் சொல்ல விதியில் இடமில்லையே. விஷயம் எனக்கே கூட்டம் கலைந்த பிறகுதான் தெரிந்தது. அந்தோணியம்மாள் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்: "பொழுதுக்கும் எங்களையே பாத்துப் பேசினாரு மேடம். எங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

பதினான்காவது கிணறு

மறுநாள் ராமேஸ்வரம். இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். குழுவில் குறைந்தது நான்கு பேர் உட்கார்ந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். மூன்று பேர் உட்கார்ந்து உலகத்தையே திருத்தினாலும் அது வெறும் அரட்டை. சுற்றுப்பயணத்துக்கு வந்ததே சரியாக நான்கு பேர்தான். தலைவர் ஒருவர். எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை சொல்கிற ஒருவர், அவரை ஆட்சேபணைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். குழு அமைத்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத ஒருவர், அவர் மௌனி. நான்காவது உறுப்பினர் விடியற்காலையிலேயே கோயிலில் தீர்த்தமாடப் போய்விட்டார். அவர் பெயர் இனிமேல் தீர்த்தக்காரர்.

கூட்டம் தொடங்க வேண்டிய நேரத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மாளும் கூட வந்த பெண்களும் இந்த முறை உஷாராக நிருபர் வரிசையைத் தவிர்த்து, கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓட்டமாகக் கோயிலுக்குப் போனேன். தீர்த்தக்காரர் ஒரு கிணற்றடியில், தலையில் வாளித் தண்ணீர் விழ விழ, கண்ணை மூடி நின்றிருந்தார். அங்கே இருபத்திரண்டு தீர்த்தம். நடுவில் விட்டுவிட்டு வரக் கூடாதாம், வந்தால் பாவம் பாதியில் நிற்குமாம். கூட்டம் தொடங்க முடியாமல் மசோதா அப்படியே நிற்கிறது ஐயா என்று கெஞ்சினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, துளியும் கோபமில்லாமல் கேட்டார்: "இங்கே பதினாலு முடிஞ்சிருச்சும்மா. உங்க மசோதாவுல எத்தனை பிரிவு முடிஞ்சிருக்கு?"

கடல் இல்லாத ஊர்

ராமேஸ்வரத்தில் கூட்டம் நடக்கவே இல்லை. மூன்றாவது கூட்டம் முதுகுளத்தூரில். ஆமாம், கடலோர மசோதாவுக்குக் கடலே இல்லாத ஊரில் கூட்டம். சென்னையில் நிகழ்ச்சி நிரல் போட்டவர் ஏசி ஓடுகிற மண்டபம் எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்திருக்கிறார். முதுகுளத்தூர் என் சொந்த ஊர். ஊரில் மானம் போகப்போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், எங்கள் உத்தியோகத்தில் நிகழ்ச்சி நிரலைத் திருத்துவதைவிட ஒரு சட்டத்தையே சுலபமாகத் திருத்திவிடலாம்.

மிளகாய் விவசாயிகள் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆடுகளோடு வந்து, ஆடுகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். சற்று நேரத்தில் ஆடுகளும் ஏசிக்கு வந்தன. "ஆழ்கடலில் உயிர்காப்பு உடை கட்டாயமாக்கப்பட வேண்டுமா?" என்று தலைவர் கேள்வியை வாசித்தார். எல்லோரும் யோசித்தார்கள். ஒருவர், மிளகாய் காயப்போடும்போது நெடி ஏறாமல் இருக்க அந்த உடை உதவுமா என்று விசாரித்தார். மாரியூர்ப் பெண்கள் சாயல்குடியில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பிரிவை யாரும் தொடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கடைசியில் எழுந்தவர் என் சொந்தச் சித்தப்பா. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: "அய்யா, நாங்க மழைதான் கேட்டு மனுக் குடுத்தோம். கடலைக் கொண்டுவரச் சொல்லிக் கேக்கல. இம்புட்டுச் சிரமம் எதுக்கு?"

குழு கடலுக்குப் போன கதை

சித்தப்பாவின் பேச்சு தலைவரைச் சுட்டுவிட்டது. மறுநாள் காலை நேரே மாரியூர் போய், பாசி எடுப்பதை நேரில் பார்வையிடுவது என்று முடிவாயிற்று. நான்கு உறுப்பினர்கள், நான், சுருக்கெழுத்தாளர் ஆகிய எல்லோரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றினோம். இரண்டு வள்ளமாகப் பிரித்தால் நால்வர் ஒன்றாக இல்லாமல் போய், பார்வையிட்டது செல்லாமல் போய்விடும் என்று தலைவர் பயந்தார். பாரம் தாங்காமல் வள்ளம் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு பாறையில் தட்டி நின்றது. கடல் வற்றியிருந்த நேரம். அலைக்கு வள்ளம் அப்படியும் இப்படியும் ஆட, தீர்த்தக்காரர் மஞ்சளாகிப் பச்சையாகிக் குப்புறப் படுத்துவிட்டார்.

சுற்றிலும் பெண்கள் நீச்சல் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப் பையோடு பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு நீந்தி வந்து, வள்ளத்தின் பின்பக்கம் தோள்கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளுகிற நேரத்தில்தான் ஆட்சேபணைக்காரர் தன் கருத்தைப் பதிவு செய்ய எழுந்தார். இவர்களைச் சேர்த்தால் படகுக்காரர்களுக்குப் போகிற உதவி குறையும், இன்றைக்குப் பாசி என்பார்கள், நாளைக்குச் சிப்பி என்பார்கள், அப்புறம் கடற்கரையில் காற்று வாங்குகிறவனும் கடல் தொழிலாளி என்று வந்து நிற்பான் என்றார். இந்தப் பெண்களுக்கும் படகுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர் அழுத்திச் சொன்னதைச் சுருக்கெழுத்தாளர் நனைந்த தாளில் குறித்துக்கொண்டார். வள்ளத்தின் ஓரத்தில் அந்தோணியம்மாளின் தலை மட்டும் தெரிந்தது. மூச்சு வாங்கக் கேட்டார்: "தொடர்பு இல்லன்னு எழுதியாச்சுங்களா சார்? எழுதியாச்சுன்னா சொல்லுங்க, கையை எடுத்துக்கிடுறோம்."

மூணு தரம்

கரைக்கு வந்ததும் தீர்த்தக்காரரை மீன் ஏலக்கூடத்தில் வலைக் குவியல் மேல் படுக்க வைத்தோம். சோடா, சோடா என்று முனகிக்கொண்டிருந்தார். அப்போது மௌனி என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினார். இரண்டாம் பிரிவில் "கடற்பாசி எடுப்போரும்" என்று சேர்க்க வேண்டும் என்று கைப்பட ஒரு திருத்தம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வள்ளத்தில் அவர் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். தலைவருக்கும் ஆசை வந்துவிட்டது. நால்வரும் ஒரே இடத்தில் இருக்கிறோம், சென்னை போனால் இந்த நான்கு பேரை ஒன்றாகப் பிடிக்க முடியுமோ என்னவோ, கூட்டத்தொடர் முடிவதற்குள் அறிக்கை போகாவிட்டால் மசோதாவே செத்துவிடும், இங்கேயே கூட்டத்தை நடத்திவிடலாம் என்றார். ஓட்டெடுப்பின்போது வெளியாட்கள் இருக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் வெளியே போங்கள் என்று அறிவித்தேன். ஏலக்கூடத்துக்குச் சுவரே கிடையாது, கூரையும் தூணும் மட்டும்தான். ஜனங்கள் மரியாதையாக எழுந்து, ஓரடி நகர்ந்து, தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். விதி காப்பாற்றப்பட்டது.

தலைவர் திருத்தத்தை வாசித்துவிட்டு, சட்டமன்றக் குரலில், "ஏற்போர் 'ஆம்' என்க" என்றார். தூணுக்கு அந்தப் பக்கம் இருந்து "ஆம்" என்று ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், கூரையில் இருந்த காக்கை எல்லாம் பறந்தது. அந்த இடத்தில் தினமும் மீன் ஏலம் கூறுகிற காதர் பாய்க்கு, தன் கூடத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவித் தூணில் ஓர் அடி அடித்தார். அந்த அடியில் தலைவரும் தன்னை மறந்து, "ஆம் என்போரே அதிகம்" என்று சொல்லிவிட்டார். மறுப்போரைக் கேட்கவே இல்லை. ஆட்சேபணைக்காரர் குதித்தார். நான் இல்லை என்று சொல்வதற்கு இடமே கொடுக்கவில்லை என்று கத்தினார். காதர் பாய் அவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "மூணு தரம் சொன்ன பொறவு வந்து கேட்டா, இங்கன மீனே கிடைக்காது சார்."

சோடா

தலைவருக்குத் தெளிந்துவிட்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார், வியர்த்தார். தூணுக்கு வெளியே இருந்த குரல்கள் கணக்கில் வராது, உறுப்பினர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றார். ஏற்போர் என்றதும் மௌனி கை தூக்கினார். அதே கணத்தில் வலைக் குவியலில் இருந்தும் ஒரு கை எழும்பியது. கண்ணை மூடியபடியே தீர்த்தக்காரர் தூக்கியது. மறுப்போர் என்றதும் ஆட்சேபணைக்காரர் கை தூக்கினார். இரண்டுக்கு ஒன்று, திருத்தம் ஏற்கப்பட்டது என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள், அந்தோணியம்மாள் எதிர்க் கடையில் இருந்து ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொண்டுவந்து, எழும்பி நின்ற அந்தக் கையில் வைத்தார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கை சோடாவுக்குத் தூக்கிய கை என்றால் ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. சமமானால் தலைவர் ஓட்டுப் போட வேண்டும். தலைவர் விதிக்காரர். சமமானால் மூலத்தில் உள்ளபடியே விடுவதுதான் மரபு என்பார். பாசி எடுக்கிறவர்கள் மறுபடி வெளியே போய்விடுவார்கள். பேசாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் யார் யார் ஆம் என்றார்கள் என்று பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவள் நான். வேனில் திரும்பும்போது, தைரியத்தை எல்லாம் திரட்டி, "ஐயா, அந்தக் கை எதுக்குத் தூக்கினீங்க?" என்று தீர்த்தக்காரரைக் கேட்டேன். ஆட்சேபணைக்காரர் முன் இருக்கையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீர்த்தக்காரர் சொன்னார்: "சோடாவுக்குத்தாம்மா தூக்கினேன். ஆனா சோடா குடிச்ச பிறகு அதே கையைத் திருத்தத்துக்கும் தூக்கினதா வச்சுக்கிட்டேன். எழுதிக்கோங்க."

படத்துக்குக் கீழே

தோற்ற உறுப்பினர் தன் மறுப்பை எழுதிக் கொடுத்தால், அதை அறிக்கையின் பின்னால் சேர்த்து அச்சிட வேண்டும். அது அவர் உரிமை. ஆட்சேபணைக்காரர் எழுதிய மறுப்புரை அறிக்கையைவிட நீளம். இந்தப் பெண்கள் படகு இல்லாமல் வெறும் தண்ணீரில் நிற்கிறவர்கள் என்பதற்கு ஆதாரமாக, அன்று யாரோ கரையில் இருந்து எடுத்த புகைப்படத்தையும் இணைத்திருந்தார். படத்தில் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பது உண்மைதான். அவர்கள் தோளில் வள்ளம், வள்ளத்தில் குடை பிடித்துக்கொண்டு அவர். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர் எனக்குப் போன் செய்தார்: "மேடம், இந்தப் படத்துக்குக் கீழ இன்னான்னு போடறது? யாரு யாரைக் காப்பாத்துறாங்க?"

மாடத்தில்

கூட்டத்தொடரின் கடைசி நாள் மசோதா அவைக்கு வந்தது. அந்தோணியம்மாள் சென்னைக்கே வந்துவிட்டார். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்து, உள்ளே பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, முக்கியமாக "ஏற்போர்" என்று கேட்டதும் வாயைத் திறக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாரியூர் "ஆம்" இன்னும் என் காதில் இருந்தது. அவர் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். காவலர் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு வாந்தியா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

அன்று மசோதாக்கள் வரிசை கட்டி நின்றன. வேறு ஏதோ விஷயத்துக்காக ஒரு பகுதியினர் கோஷம் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள், அதில் ஆட்சேபணைக்காரரும் போய்விட்டார். எங்கள் மசோதா வந்தபோது இல்லை என்பதற்கு ஆளே இல்லை. இரண்டாம் பிரிவு, குழு திருத்தியபடி, ஏற்போர், மறுப்போர், நிறைவேறியது. மூன்று, நான்கு, ஐந்து என்று ஓடி, மசோதாவும் நிறைவேறியது. வெளியே வந்து அவர் கையைப் பிடித்து, ஜெயிச்சாச்சு என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவர் வாயில் இருந்து முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இதுக்குள்ளயா? கண்ணாடியத் துடைச்சு மாட்டுறதுக்குள்ள முடிஞ்சுருச்சே தாயி. இதுக்கா உங்களை அங்கனயும் இங்கனயும் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சோம்?"

நாள்

போன வாரம் அந்தோணியம்மாளிடமிருந்து போன் வந்தது. கூடப் பாசி எடுக்கிற பெண் ஒருத்திக்குக் கையில் முள் ஏறி வீங்கிவிட்டது. இப்போதுதான் சட்டம் இருக்கிறதே என்று அழைத்துக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறார். சட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, நல்லாவே இருக்கிறது, ஆனால் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அது எப்படி என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கினேன். அவையில் நிறைவேறினால் போதாது, ஆளுநரின் ஒப்புதல் வர வேண்டும், அரசிதழில் வர வேண்டும். அதெல்லாம் வந்துவிட்டது. ஆனால் முதல் பிரிவிலேயே, "அரசு அறிவிக்கும் நாளில் இருந்து இது நடைமுறைக்கு வரும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த நாளை இன்னும் அறிவிக்கவில்லை. இத்தனை நாள் நாங்கள் இரண்டாம் பிரிவையே பிடித்துக்கொண்டு தொங்கியதில், முதல் பிரிவை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எப்போது அறிவிப்பார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்தத் துறைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், திரும்பவும் போடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். போனில் பின்னால் கடல் சத்தம் கேட்டது, யாரோ அவரைத் தண்ணீருக்குக் கூப்பிட்டார்கள். வாரேன் வாரேன் என்று அங்கே பதில் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "நிச்சயம் பண்ணியாச்சு, ஊருக்கே பந்தி போட்டாச்சு, நாள் மட்டும் குறிக்கலங்கிறீக. அதுவரைக்கும் பொண்ணு எந்த வீட்டுல இருக்கும் தாயி?"

எங்கள் தொழிலைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒரு சட்டம் நிறைவேற ஒரு மூச்சு போதும், அது கைக்கு வந்து சேரும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், அதில் மாரியூர்க்காரிகளுக்கு எங்களைவிடப் பழக்கம் அதிகம் என்பதை நம்பித்தான் எங்கள் ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.